பீடிக்குக் கொடுத்த கால்

என் ஆசை அண்ணா சூசைக்கு,

மண்ணுக்குள் இருக்கிறவனிடம் சுகமா என்று எப்படிக் கேட்பது? அதனால் கேட்கவில்லை. இப்போதாவது வலி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கையில்தான் சில நாள் எனக்குச் சோறு இறங்குகிறது.

நேற்று கல்லறைத் திருநாள். அம்மா, ரோசாலி அண்ணி, உன் மகள் ஸ்டெல்லா, நான், எல்லோரும் வந்திருந்தோமே, தெரிந்ததா? சுண்ணாம்பு அடித்து, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றினோம். மலைக் காற்று வத்தியை எரியவே விடவில்லை. பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த ஒரு பெண், சிலுவையில் எழுதியிருந்த உன் வயதைப் பார்த்துவிட்டு, "அய்யோ பாவமே, இவ்ளோ சின்ன வயசா! இன்னாம்மா வந்துச்சு?" என்று கேட்டாள்.

அம்மா யோசிக்கவே இல்லை. "செய்வினைம்மா. பஸ்ஸுல கண்டக்டரா ஓடிகினு இருந்தான். மேல்மலையனூர்ல அமாவாசை அன்னிக்கு எதையோ தாண்டிட்டான். அதுலேர்ந்துதான் கால் போச்சு, புள்ளையும் போயிட்டான்" என்றாள். அந்தப் பெண் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். அண்ணி மெழுகுவத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோவிலுக்குப் போய் ஜெபம் செய்கிற அம்மா, உன் சாவை மட்டும் ஊர் பேர் தெரியாத ஏதோ ஒரு சூனியக்காரன் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கடிதம் உனக்குத்தான். ஆனாலும் நாலு பேர் படிக்கட்டும். உன்னைக் கொன்றது பீடி. அது உனக்கே தெரியும். தெரிந்தும் குடித்தாய் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

எங்கே ஆரம்பித்தது அண்ணா? நைனாவின் சுருட்டிலா? நைனா கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தபடி, "டேய் சூசை, அடுப்புல பத்த வெச்சிக் கொண்டாடா" என்பார். அடுப்படியிலிருந்து கட்டிலுக்கு வருவதற்குள் அணைந்துவிடக் கூடாதென்று நீ ஓர் இழுப்பு இழுத்துக்கொண்டே வருவாய். கண்ணில் தண்ணீர் வரும், இருமுவாய். "பார்ரா, பெரிய மனுசனை!" என்று வீடே சிரிக்கும். அம்மாவும்தான் சிரிப்பாள். அப்புறம் நைனா வருஷக்கணக்கில் இருமி, நெஞ்சுக்கூடு மட்டும் மிஞ்சிச் செத்துப்போனார். காசம் என்றார்கள். சுருட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவரைப் புதைத்துவிட்டு வந்த அன்று, கொல்லையில் நின்று நீ முதல் பீடியை நீயே வாங்கிப் பற்ற வைத்தாய். குடும்பப் பொறுப்பு வந்துவிட்டது, இனி பீடி குடிக்கலாம் என்று ஆண்பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்களோ தெரியவில்லை.

பஸ் வேலை கிடைத்ததும் நீ ஆளே மாறிப்போனாய். திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் உன்னைத் தெரியாத ஆள் கிடையாது. தோளில் தோல் பை, வாயில் விசில், காதுக்குப் பின்னால் ஒரு பீடி. பஸ் நிற்பதற்கு முன்பே குதித்து, நகர்ந்த பிறகு ஓடிவந்து ஏறுவாய். மல்லாக்கொட்டை மூட்டையோடு வருகிற கிழவிகளை, "ஏறு ஏறு, ஒனக்குத்தான் வண்டிய நிறுத்தி வெச்சிருக்கேன்" என்று கையைப் பிடித்துத் தூக்கிவிடுவாய். மேலே சாமான் ஏற்ற ஏணியில் நீ ஏறுகிற வேகத்தைப் பார்க்கவே பிள்ளைகள் நிற்பார்கள். அந்தக் கால்கள்தானே அண்ணா செஞ்சிக் கோட்டை ராஜகிரி உச்சிக்கு என்னை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு ஏறியவை?

உன்னோடு டிரைவர் முனுசாமி. கூடப் பிறந்தவன்கூட அப்படி ஒட்டிக்கொண்டிருக்க மாட்டான். இரண்டு பேருக்கும் ஒரே தீக்குச்சி. அவர் பற்ற வைத்து உன்னிடம் நீட்டுவார், நீ பற்ற வைத்து அவரிடம் நீட்டுவாய். டீ குடித்தால் ஒன்று, வண்டி நின்றால் ஒன்று, கூட்டம் அதிகமானால் ஒன்று, கூட்டமே இல்லாவிட்டாலும் ஒன்று.

பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியில் நீ பாத்திரக் கடை முன்னால் நிற்க ஆரம்பித்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கடைக்காரர் வீட்டம்மாவே என்னிடம் சொன்னாள்: "ஒங்க அண்ணன் தெனம் வந்து குடம் வெலை, அண்டா வெலை கேக்குறாரு. ஒனக்குக் கல்யாணம் கூடிடுச்சா?" எனக்குள் ஒரே வெட்கம், சந்தோஷம். அண்ணன் எனக்குச் சீர் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் நடந்தாலே உனக்குக் கெண்டைக்கால் கல்லாட்டம் இறுகிப்போய், வலி போகும்வரை நிற்க வேண்டியிருந்தது, நிற்பதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் அந்த அமாவாசை வந்தது. மேல்மலையனூர் கோவிலுக்கு ஸ்பெஷல் பஸ். மனிதர் மேல் மனிதர். மேலே மூட்டை ஏற்ற ஏணியில் பாதி ஏறியவன் அப்படியே நின்றுவிட்டாயாம். கீழேயிருந்து, "யோவ் கண்டக்டரு, இன்னா அங்கியே குடித்தனம் பண்றியா?" என்று கத்தியிருக்கிறார்கள். முனுசாமிதான் ஏறி வந்து உன்னை இறக்கினார். வலது காலின் பெருவிரல் ஐஸ் மாதிரி சில்லென்று இருந்ததாம். அம்மாவின் செய்வினைக் கதை பிறந்தது அன்றைக்குத்தான். நீ எதையும் தாண்டவில்லை. ஏணியில் ஏறினாய், அவ்வளவுதான்.

சுளுக்கு என்று உருவினார்கள், வாயு என்று எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார்கள். விரல் நுனியில் புண் வந்து கறுத்தது. அக்கம்பக்கத்தில் குஷ்டம் என்று கிசுகிசுத்தார்கள். நம் வீட்டுத் தண்ணீர் குடிக்க யோசித்தார்கள். உனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம்தான். அதனால்தான் நானும் அண்ணியும் கூப்பிட்டவுடன் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாய்.

அந்த டாக்டரை என்னால் மறக்க முடியாது. நிதானமாகப் பேசுகிற மனிதர். உன் பாதத்தில் விரலை வைத்து நாடி தேடினார். கணுக்காலில் தேடினார். முழங்காலுக்குப் பின்னால் தேடினார். தேடத் தேட அவர் முகம் இறுகிக்கொண்டே போனது.

"பீடி உண்டா?"

"உண்டுங்க டாக்டர். கொஞ்சம்."

அண்ணி பக்கத்தில் நின்று, "கொஞ்சம் இல்லிங்க. தூங்குற நேரம்தான் குடிக்க மாட்டாரு" என்றாள். நீ அவளை முறைத்தாய்.

"டாக்டர், குஷ்டம் இல்லியே?" என்று நீ கேட்டாய்.

"குஷ்டம் இல்லை. சர்க்கரையும் இல்லை. உங்க கால்ல ரத்தம் போற குழாய் எல்லாம் உள்ளயே அடைச்சிக்கிட்டு வருது. புகை பிடிக்கிற ஆம்பளைங்களுக்கு வர்ற நோய் இது, அதுவும் சின்ன வயசுக்காரங்களுக்கு. இதுக்கு மருந்து என்கிட்ட அதிகம் இல்லை. பீடியைத் தொடாம இருந்தா கால் நிக்கும். தொட்டா விரல் போகும், பாதம் போகும், முழங்கால் போகும். அப்புறம் அடுத்த கால்."

"கொறைச்சிக்கிறேன் டாக்டர்."

"குறைக்கிற பேச்சே கிடையாது. ஒண்ணுகூட ஆகாது."

இவ்வளவு தெளிவாகச் சொன்னார். தமிழில் சொன்னார். நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான்: குஷ்டம் இல்லை. முகமெல்லாம் மலர்ந்து, "இல்லியாம் மேரி, இல்லியாம்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாய்.

வெளியே வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர்களைப் பார்த்தோம். எல்லோரும் உன் வயதுதான். ஒருவருக்கு இரண்டு காலும் இல்லை. இன்னொருவருக்குக் கால் இருந்தது, கைவிரல்கள் இல்லை. வெறும் முண்டுகளுக்கு நடுவில் பீடியை இடுக்கிக்கொண்டிருந்தார். கால் இல்லாதவர் நகர்ந்து வந்து, அவருக்குத் தீக்குச்சி கிழித்துப் பற்ற வைத்தார். அண்ணி உன் முகத்தைப் பார்த்தாள். இதைப் பார்த்த பிறகு ஒரு மனிதன் மாறாமல் இருக்க முடியுமா என்று அவள் நினைத்தாள் போலிருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திரும்பி வருகிற வழியில் திண்டிவனத்தில் பஸ் மாறினோம். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினாய். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டீக்கடையில் தொங்கிக்கொண்டிருந்த நெருப்புக் கயிற்றைக் கையில் பிடித்து, தலையைச் சாய்த்து நீ பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தாய். அண்ணியும் பார்த்தாள். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்ல ஆசை. தெரியவில்லை அண்ணா. நான் நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

பெருவிரலை எடுத்தார்கள். அந்த வருஷம் தவக்காலம் வந்ததும் நீ பங்குச் சாமியாரிடம் போய், ஈஸ்டர்வரைக்கும் பீடியைத் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டு வந்தாய். சொன்னபடி இருந்தாய். முதலில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தாய், கஞ்சித் தட்டை எறிந்தாய். அப்புறம் மெல்ல அடங்கியது. புண் காய்ந்தது. வலி குறைந்து நீ காலை நீட்டிப் படுத்துத் தூங்கினாய். அதற்கு முன் எவ்வளவு காலம், கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டபடியே உட்கார்ந்து விடிய வைத்திருக்கிறாய்! அண்ணி மாதாவுக்கு மாலை கட்டிப் போட்டாள். ஸ்டெல்லாவைத் தோளில் வைத்துக்கொண்டு ஈஸ்டரை ஒட்டி வந்த பாஸ்கு ஊர்வலத்தில் நடந்தாய். பாத்திரக் கடை முன்னால் நிற்கவில்லை.

ஈஸ்டர் பூசை முடிந்து வெளியே வந்தாய். கோவில் வாசலில் முனுசாமி வேட்டி சட்டையில் சிரித்துக்கொண்டு நின்றிருந்தார். "வெரதம் முடிஞ்சிடுச்சுல்ல? இந்தா" என்று நீட்டினார். நீ என்னைப் பார்த்தாய். "ஒண்ணே ஒண்ணு மேரி. பண்டிகை நாளும் அதுவுமா" என்றாய். கடவுளுக்குக் கொடுத்த வாக்கை ஒரு நாள்கூடத் தவறாமல் காப்பாற்றினவன் நீ. உன் காலுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கக் கூடாதா?

மழைக்காலம் வருவதற்குள் பாதம் கறுத்துவிட்டது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அந்த டாக்டர் உன்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. திட்டுவதை அவர் நிறுத்திவிட்டிருந்தார்.

ஊன்றுகட்டையோடு ஊருக்கு வந்தாய். பஸ் முதலாளி நல்ல மனிதர். பஸ் ஸ்டாண்டில் நேரம் பார்த்து வண்டியை அனுப்புகிற வேலை கொடுத்தார். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "திருவண்ணாமலை, திருவண்ணாமலை!" என்று கூவுவாய். குரல் மட்டும் பழையபடியே இருந்தது. உன்னைப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் இரக்கம். இரக்கப்பட்ட அத்தனை பேரும் உனக்கு நீட்டியது என்ன? பீடி. ஒரு வாழைப்பழம் வாங்கிக் கொடுக்கத் தோன்றவில்லை ஒருவருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் நின்று, "அண்ணனுக்குப் பீடி குடுக்காதீங்க, டாக்டர் சொல்லியிருக்காரு" என்று கெஞ்சுவேன். "டீச்சரம்மா, காலு பூட்ட மனுசனுக்கு வேற இன்னாதான் சொகம் இருக்குது?" என்பார்கள். காலை எடுத்ததே அந்தச் சுகம்தான் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். இடது பாதம் எரிய ஆரம்பித்ததும் நீ பிள்ளை மாதிரி அழுதாய். அம்மாவால் தாங்க முடியவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த பீடியை எடுத்து, அவளே அடுப்பில் பற்ற வைத்து உன் வாயில் வைத்ததை நான் பார்த்தேன்.

"அம்மா, நீயே அவன் காலை வெட்டுறியே!" என்று கத்தினேன்.

"வலில துடிக்கிறான்டி. ரெண்டு இழுப்பு இழுத்தா அடங்குது. கண்ணால பாத்துகினு எப்படிடி இருக்கச் சொல்ற?"

"அடங்குறது அப்போதைக்குத்தான். அதே புகைதான் வலியக் கொண்டாருது."

"ஒனக்கு இன்னா தெரியும்? நீ பெத்தியா?"

அம்மாவின் மேல் உள்ள கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. அவள் போட்ட சோற்றைத் தின்கிறேன், அவள் தலைக்கு எண்ணெய் வைக்கிறேன், கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. அது பாசம்தான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பாசத்தால் ஒரு காலும் மிஞ்சவில்லையே, என்ன செய்ய?

அண்ணி வேறு மாதிரிப் போராடினாள். ஸ்டெல்லாவைத் தூக்கிக்கொண்டு பனமலைப் பக்கம் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "பீடிய வுட்டாத்தான் வருவேன்" என்றாள். நீ முனுசாமியையே தூதனுப்பினாய். விட்டுவிட்டேன், மாதா மேல் ஆணை என்று சொல்லியனுப்பினாய். அவள் நம்பி வந்தாள். வந்த மறுநாள் காலையில் வெந்நீர் வைத்து, உன் இடது காலின் கட்டைப் பிரித்தாள். நான் பேசின் பிடித்துக்கொண்டிருந்தேன். சீழ் நாற்றத்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். துணியின் மூன்றாவது சுற்றிலிருந்து ஒரு பாதி பீடி பேசினுக்குள் விழுந்தது. கூடவே இரண்டு தீக்குச்சி, உரசுகிற தீப்பெட்டிப் பட்டையில் ஒரு துண்டு.

அண்ணி உன்னைத் திட்டவில்லை. அந்தப் பீடியைத் தண்ணீரிலிருந்து எடுத்து, ஓரமாக வைத்துவிட்டு, புண்ணைக் கழுவினாள். மருந்து போட்டாள். புதுத் துணி கட்டினாள். எழுந்து போகும்போது, "புண்ணுக்குள்ளாற ஒளிச்சி வெச்சிருக்கியே, அவ்ளோ ஆசையா? எம்மேலகூட ஒனக்கு அவ்ளோ ஆசை இருந்ததில்ல" என்றாள். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். உனக்கு வெட்கமாக இருந்ததா அண்ணா? இல்லை, அந்த ஈரமான பீடி போய்விட்டதே என்ற கவலையா? நான் இன்றும் கேட்டுக்கொள்கிற கேள்வி இது.

இரண்டாவது காலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நீ மாட்டேன் என்றாய். "இதுவும் பூட்டா நான் மனுசனா, மூட்டையா?" என்றாய். அதற்குள் புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. காய்ச்சலில் உளறினாய். உளறலிலும் பஸ்தான். "ரைட், போலாம் ரைட்" என்று கையை ஆட்டினாய். பகல் பூசை மணி அடிக்கிற நேரத்தில் கை நின்றுவிட்டது. சாகும் வயதா அது? உன் தலையில் ஒரு நரை இல்லை.

சாவு வீட்டில் நடந்ததையும் கேட்டுக்கொள். வந்தவர்களுக்கென்று பெரிய தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பீடிக்கட்டு, தீப்பெட்டி. யார் வாங்கி வைத்தார்களோ, வழக்கம் என்றார்கள். உன் பெட்டியைச் சுற்றி நின்று ஆண்கள் எல்லோரும் பீடி பிடித்தார்கள். "நல்ல மனுசன், காலுதான் வினையாப் போச்சு" என்று புகையை விட்டுக்கொண்டே சொன்னார்கள். பெட்டியை மூடுகிற நேரத்தில் முனுசாமி அழுதுகொண்டே வந்து ஒரு பீடிக்கட்டை உன் சட்டைப் பையில் வைத்தார். நான் பாய்ந்து பிடுங்கி வெளியே எறிந்தேன்.

"ஏம்மா மேரி, அவனுக்குப் புடிச்சதும்மா" என்றார்.

"புடிச்சதாலதான்ணா இங்க கெடக்குறான்" என்றேன்.

டீச்சருக்குச் சோகத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

இனி இந்த வருஷத்துச் செய்தி. எனக்கு ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம், தாசில்தார் ஆபீசில் வேலை. பெண் பார்க்க வந்தவர், பலகாரம் சாப்பிட்டதும் வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தரகர் குதித்தார். "புகை புடிக்காத ஆம்பள வேணும்னா கோவில்ல இருக்குற சூசையப்பர் செலையத்தான் கட்டிக்கணும்" என்றார். அது எவ்வளவோ தேவலை என்றேன். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அதற்கப்புறம் ஒரு நாள் சாயங்காலம் முனுசாமி வந்தார். நொண்டிக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றி இடது காலை எங்களிடம் காட்டினார். சுண்டுவிரல் கறுத்துப்போய், நகத்தோரம் புண். "ராவெல்லாம் எரியுதும்மா. நடந்தா கெண்டைக்கால் இழுத்துப் புடிக்குது. சூசைக்கு ஆரம்பிச்சாப்பலவே இருக்குது" என்றார். அப்போதும் காதுக்குப் பின்னால் பீடி.

அண்ணி உள்ளே போனாள். உன் ஊன்றுகட்டையை எடுத்துக்கொண்டு வந்து, அவர் முன்னால் சுவரில் சாய்த்தாள்.

"எடுத்துகினு போங்கண்ணா. அவரும் நீங்களும் ஒரே ஒசரம்தான். சரியா இருக்கும்."

முனுசாமி அந்தக் கட்டையைப் பார்த்தார். கக்கத்தில் வைக்கிற இடத்தில் நீ சுற்றியிருந்த துணி அப்படியே இருந்தது, உன் வேர்வைக் கறையோடு. "வாணாம்மா" என்றார். அண்ணி நகரவில்லை. "வாணாம்னு எங்கிட்ட சொல்லாதீங்க. காதுல வெச்சிருக்கீங்களே, அதுகிட்ட சொல்லுங்க" என்றாள். அவர் பீடியை எடுத்துக் கசக்கி வாசலில் போட்டுவிட்டுப் போனார். நான் நம்பவில்லை. நீ எத்தனை தடவை கசக்கிப் போட்டிருப்பாய்.

நான்தான் அவரைப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனேன். அதே டாக்டர். இப்போது கொஞ்சம் நரைத்திருக்கிறார். உனக்குச் சொன்ன அதே வார்த்தைகளை, வரி மாறாமல் அவருக்கும் சொன்னார். அதற்கப்புறம் முனுசாமி டீக்கடைப் பக்கம் போவதை விட்டுவிட்டார். கைப்பையில் பொட்டுக்கடலை வைத்துக்கொண்டு மென்றுகொண்டே வண்டி ஓட்டுகிறார் என்று சொன்னார்கள். பஸ்ஸில் எவனாவது பற்ற வைத்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "ஒண்ணு அத கீழ போடு, இல்ல நீ கீழ எறங்கு" என்கிறாராம்.

போன மாதம் வந்தார். நொண்டவில்லை. செருப்பைக் கழற்றிக் காட்டினார். சுண்டுவிரல் நுனி கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் புண் இல்லை. தோல் சிவந்து, புதுசாக, உயிரோடு இருந்தது. தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது அண்ணா.

"டாக்டர் சொன்னது நெசம்தாம்மா" என்றார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

உன் சாவுக்கு அழாத அண்ணி, அந்தக் காலைப் பார்த்து ஓவென்று அழுதாள். சாவு வீட்டில்கூட அவளை அப்படி நான் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. எங்களைச் சமாதானப்படுத்த இனி ஒன்றும் இல்லை. விதி என்று சொல்ல முடியாது, கடவுள் சித்தம் என்று சொல்ல முடியாது. அவர் நிறுத்தினார், கால் இருக்கிறது. அவ்வளவுதான். அது உனக்கும் கிடைத்திருக்கும். அவர் உன்னைவிட உறுதியான ஆளா? இல்லையே. உன் செத்த காலைப் பார்த்துத்தான் அவர் தன் காலைக் காப்பாற்றிக்கொண்டார். நீ யார் காலையும் பார்க்கவில்லை. வராந்தாவில் அத்தனை பேர் இருந்தார்களே, பார்க்கவில்லை.

ஸ்டெல்லா அங்கேதான் நின்றிருந்தாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள், உன் மாதிரியே சுட்டி. முனுசாமி போன பிறகு என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தை, நைனாவும் பீடிய வுட்டிருந்தா காலு இருந்திருக்குமா?"

"வாய மூடுடி" என்று அம்மா அதட்டினாள்.

நான் அவள் எதிரில் மண்டிபோட்டு உட்கார்ந்தேன். "இருந்திருக்கும்" என்றேன்.

"அப்ப நைனாவுக்கு எங்களோட இருக்கப் புடிக்கலியா?" என்று கேட்டாள்.

அதற்கு நான் என்ன பதில் சொல்லட்டும்? நீ வந்து சொல்ல மாட்டாய். உனக்கு அவளை எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். தோளிலிருந்து இறக்கவே மாட்டாயே. ஆனால் அந்தக் குழந்தையின் கணக்குத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. வராததை வரவழைத்து எழுதினால் அது பொய். ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன், அதை நான் காப்பாற்றுவேன். ஸ்டெல்லா இந்தக் கேள்வியை இன்னும் பல தடவை கேட்பாள். பெரியவளாகிக் கேட்பாள், கல்யாணத்தன்று கேட்பாள். ஒவ்வொரு தடவையும் அவள் கூடவே இருப்பேன். உன் பாசத்தையும் சொல்வேன், உன் பீடியையும் சொல்வேன். ஒன்றுக்காக இன்னொன்றை மறைக்க மாட்டேன். இதைவிடப் பெரிய மரியாதை உனக்குச் செய்ய எனக்குத் தெரியவில்லை அண்ணா.

கோபம் தீராத,
உன் முதுகில் ஏறி மலை பார்த்த தங்கச்சி,
மேரி
செஞ்சி